அமீரக மணலில் பாம்பு தேடிப் படம் எடுக்க

"பாலைவனத்துக்குப் போனேன், மூணு மணி நேரம் நடந்தேன், ஒரு பாம்புகூடக் கண்ணில் படலை." முதல் தடவை போய்வந்த எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். பக்கத்திலேயே இருந்திருக்கும். மணலுக்கடியில் கண் மட்டும் வெளியே தெரிய, அவர்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கும்.

எங்கள் ஊர் திருச்செந்தூர்ப் பக்கத் தேரிக்காடு. பனையேறப் போகிற என் பெரியப்பா விடிகாலையில் செம்மணலைக் குனிந்து பார்த்துவிட்டு, "ராத்திரி சாரை இந்தப் பக்கமாப் போயிருக்கு, காலப் பாத்து வைலே" என்பார். ஷார்ஜாவுக்கு வேலைக்கு வந்து, வார விடுமுறைகளில் கேமராவோடு அலைந்து, வெறுங்கையோடு பல தடவை திரும்பிய பிறகுதான் அந்தப் பழைய பாடம் எனக்கு நினைவுக்கு வந்தது. பாம்பைத் தேடக் கூடாது, தடத்தைத் தேட வேண்டும். அமீரகத்தில் இருந்துகொண்டு இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை எழுதுகிறேன். பாம்பு பிடிக்க இதில் எதுவும் சொல்லித்தரப் போவதில்லை. தொடாமல் எடுப்பதுதான் எனக்குத் தெரியும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மணல்மேடுகளின் நாயகன் அரேபியக் கொம்பு விரியன். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு அடிதான் இருக்கும். மணல் நிறம், அகலத் தலை, கண்ணுக்கு மேலே முள்போல ஒரு கொம்பு. கொம்பே இல்லாதவையும் உண்டு, ஆகவே கொம்பைத் தேடி ஏமாறாதீர்கள். உடம்பைப் பக்கவாட்டில் தூக்கித் தூக்கி வைத்து நகரும். அரபியில் இதை 'உம் ஜுனைப்' என்பார்கள். ஜன்ப் என்றால் பக்கம், விலா. விஷம் உள்ளது.

இரண்டாவது, அரேபிய மண்ணுளிப் பாம்பு. விஷம் கிடையாது. நம்மூர் மண்ணுளியின் சொந்தக்காரன்தான், ஆனால் இதற்குக் கண்கள் தலையின் உச்சியில் இருக்கும். உடம்பு முழுதும் மணலுக்குள் இருக்க, கண் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். இதன் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜயகாரி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மஸ்கட்டில் மருத்துவராக இருந்த ஆத்மாராம் ஜயகர் என்ற இந்தியரின் பெயர் அது. அவர் உயிரினங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1888இல் இந்தப் பாம்புக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஓமன் மலைகளில் இருக்கும் ஒரு காட்டாட்டுக்கும் அவர் பெயர்தான். பிழைப்புக்கு வளைகுடா வந்த ஒருவர் விடுமுறையில் பாம்பு தேடுவது புதுப் பைத்தியம் ஒன்றுமில்லை என்று இதைச் சொல்லித்தான் என் மனைவியிடம் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது, சுருட்டை விரியன். நம்மூரில் கல்லுக்கடியில் பார்க்கும் அதே இனம், வேறு உள்ளினம். சரளைத் தரை, புதர் ஓரம், சில நேரம் புதர்க் கிளையின் மேலேயும் இருக்கும். அரைவட்டமாகச் சுருண்டு செதிலோடு செதிலை உரசும்போது சூடான எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். சின்னது, சுறுசுறுப்பு, கோபம் அதிகம்.

இவை தவிர பகலில் மின்னல்போல ஓடும் மெலிந்த மணற்பாம்பு உண்டு. கழுத்தைத் தட்டையாக்கி நல்லபாம்பு மாதிரி மிரட்டுகிற ஒரு பாம்பும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு "அமீரகத்தில் நாகம்" என்று வாட்ஸப்பில் வீடியோ சுற்றும். அரேபிய நாகம் ஓமனின் தெற்கே தோஃபார், ஏமன் பக்கத்து ஆள். ஹஜர் மலைகளின் வாதிகளில் (மழை பெய்தால் மட்டும் நீரோடும் வறண்ட ஓடைகள்) இருக்கும் விரியன்கள் வேறு இனங்கள், அங்கே தேடும் முறையும் வேறு. இந்தக் கட்டுரை மணலோடு நின்றுவிடும்.

மாதமும் நேரமும்

ஏப்ரல் முதல் ஜூன் வரை, பிறகு செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். டிசம்பர், ஜனவரியில் நமக்கு நடக்கச் சுகமாக இருக்கும், பாம்புக்குக் குளிரும். கூடாரம் போட்டு இறைச்சி சுட்டுத் தின்ன அதுதான் காலம், பாம்புக்கு இல்லை. ஜூலை, ஆகஸ்டில் பாம்பு இருக்கும், நாம்தான் இருக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்கும் புழுக்கம் ஆளை அடித்துப்போடும்.

காற்றைக் கவனியுங்கள். வடமேற்கிலிருந்து ஷமால் வீசுகிற நாளில் மணலில் எழுதியதெல்லாம் அரைமணி நேரத்தில் அழிந்துவிடும். வானிலைச் செயலியில் வெப்பத்தைவிடக் காற்று வேகத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பகலில் நன்றாக வீசி, மாலையில் அடங்கினால் நல்ல அதிர்ஷ்டம். பழைய தடமெல்லாம் துடைத்துவிட்ட புதுப்பலகை கிடைக்கும். அதன்மேல் இருப்பதெல்லாம் அன்றிரவு எழுதியது.

மே மாதத்தில் ஏழு மணிவாக்கில் பொழுது சாயும். ஏழரையிலிருந்து பதினொன்று வரை ஒரு சுற்று. அல்லது விடியற்காலை நாலரைக்கு மணலில் இருப்பது போலக் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பலாம். புதியவர்களுக்கு நான் விடியற்காலையையே சொல்வேன். சூரியன் தரையோடு தரையாக அடிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், சிறு பள்ளத்துக்கும் நிழல் விழுந்து தடம் தானாக எழுந்து நிற்கும். ராத்திரியில் வழி தவறும் கவலையும் இல்லை.

எங்கே போகலாம், எங்கே கூடாது

துபாய் பாலைவனப் பாதுகாப்பகம் 2003இல் உருவாக்கப்பட்டது, 225 சதுர கிலோமீட்டர். வேலி போட்ட இடம், நினைத்தபடி நுழைய முடியாது. அபுதாபியிலும் காப்புப் பகுதிகள் பல, அனுமதி வேண்டும். வேலியும் பலகையும் கண்டால் திரும்பிவிடுங்கள், வேலி கிழிந்து கிடந்தாலும்கூட. ராணுவ இடம், எண்ணெய் நிறுவனத்து இடம், அரண்மனைச் சுவர் இருக்கும் பக்கம் கேமராவையே எடுக்காதீர்கள். "பாம்புதான் எடுத்தேன்" என்று இரவு பதினொரு மணிக்குக் காவலரிடம் விளக்குவது கஷ்டம். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

எஞ்சியது நிறைய இருக்கிறது. சாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய மணல்மேடு, நடுவே புதர்கள், அங்கங்கே ஒரு காஃப் மரம். காஃப் என்று 2008இல் தேசிய மரமாக அறிவித்தது நம் வன்னி மரத்தைத்தான். அதன் வேரடியிலும் நிழலிலும் பல்லியும் எலியும் இருக்கும், அவை இருந்தால் பாம்பும் இருக்கும். மொட்டை மணல்மேட்டின் உச்சியில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவே, புதர் தொடங்குகிற ஓரம்தான் இடம்.

பக்கத்தில் ஒட்டகப் பண்ணை இருந்தால் முதலில் அங்கே போய் ஸலாம் சொல்லுங்கள். அனுமதி கேட்ட மாதிரியும் இருக்கும், சேதியும் கிடைக்கும். பண்ணையில் வேலை செய்கிற பட்டான், சூடானி ஆட்களுக்கு எந்தப் புதரில் எது இருக்கிறது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரே சிக்கல், "இங்கே பாம்பு இருக்கா" என்று கேட்டால், அடித்துக் கொன்றுவைத்துக் காட்டுவதுதான் உதவி என்று நினைத்துவிடுவார்கள். "அடிக்க வேண்டாம், போட்டோ மட்டும்தான்" என்பதை இந்தியில் இரண்டு தடவை சொல்லிவிடுங்கள்.

கூடவே எடுத்துப்போக வேண்டியது

தனியாகப் போகாதீர்கள். இதற்கு விதிவிலக்கு இல்லை. வீட்டில் ஒருவரிடம் போகும் இடத்தின் பின்னை அனுப்பி, திரும்பும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். தடத்தைப் பின்தொடரும்போது ஐந்து மேடு தாண்டுவது தெரியாது. திரும்பிப் பார்த்தால் எல்லா மேடும் ஒன்றுபோலவே இருக்கும். கார் நிற்கும் இடத்தை போன் வரைபடத்தில் குறித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பவர் பேங்க் அவசியம். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும்.

கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், தடித்த முழுக்கால்சட்டை. மணலில் வெறுங்காலோடு நடப்பது சுகம்தான், அதைப் பகலில் குழந்தைகளோடு போகும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

டார்ச் மூன்று வகை வேண்டும். நெற்றியில் கட்டுவது ஒன்று, கையில் பிடிப்பது ஒன்று, மூன்றாவது புற ஊதா டார்ச். கடைசியதை வேடிக்கைப் பொருள் என்று நினைத்துதான் நானும் முதலில் வாங்கவில்லை. அந்த ஒளியில் தேள் பச்சையாக மின்னும். படம் எடுக்க முழங்காலிடும் முன், படுக்கும் முன், அந்த இடத்தைச் சுற்றி ஒரு தடவை அடித்துப் பாருங்கள். பாம்பைவிடத் தேள்தான் நம் முழங்காலுக்கடியில் சிக்க அதிகம் வாய்ப்புள்ளது. இங்கே உயிருக்கு ஆபத்தான தேள்களும் இருக்கின்றன.

சாதாரணக் காரை மணலில் இறக்காதீர்கள். ஃபோர்வீல் இருந்தாலும், டயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கவும் மாட்டிக்கொண்டால் மீளவும் தெரிந்தவர் உடன் இருந்தால் மட்டுமே. எனக்கு அதில் ஆர்வமே இல்லை. தார்ச்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடக்கிறேன், தடம் நடக்கிறவனுக்குத்தான் தெரியும். ராத்திரி பாலைவனச் சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். ஒட்டகத்தின் கால்கள் நம் முகப்பு விளக்கில் கடைசி நொடியில்தான் தெரியும்.

மணலை வாசிப்பது

இதுதான் வேலையின் பெரும்பகுதி. ராத்திரியில் டார்ச்சைத் தலைக்கு மேலே பிடித்தால் மணல் வெள்ளைத்தாளாகிவிடும், ஒன்றும் தெரியாது. நெற்றி விளக்கை மங்கலாக வைத்து, கை டார்ச்சை முழங்கால் உயரத்துக்கு இறக்கித் தரையோடு சாய்த்து அடியுங்கள். வரிவரியாக எல்லாம் எழும்பும்.

முதலில் எழும்புவது வண்டுகளின் தடம். தையல் இயந்திரம் ஓட்டினது போல இரண்டு வரிசைப் புள்ளிகள். பல்லிக்கு நான்கு காலும் நடுவில் வால் இழுத்த கோடும். நரிக்கு நாய் மாதிரி, ஆனால் சின்னதாக, ஒரே நேர்க்கோட்டில். இவற்றையெல்லாம் ஒரு வாரம் சும்மா பார்த்துப் பழகினால்தான் பாம்பின் தடம் தனியாகத் தெரியும்.

கொம்பு விரியனின் தடத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. ஒன்றோடொன்று சேராத சாய்ந்த கோடுகள், ஏணிப்படிகளைச் சரித்துப் போட்டது போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒவ்வொரு கோட்டின் ஒரு நுனியிலும் கொக்கிபோல ஒரு வளைவு. கொக்கி வளைகிற பக்கம்தான் பாம்பு போன பக்கம். ஆரம்பத்தில் எனக்கு இது தலைகீழாகத்தான் புரிந்தது. ஒருநாள் நாற்பது நிமிடம் பின்தொடர்ந்து, அது கிளம்பிய புதருக்குப் போய்ச் சேர்ந்தேன். சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மண்ணுளியின் தடம் உடையாத ஒரே நெளிகோடு. திடீரென்று மறையும், இரண்டடி தள்ளி மறுபடி எழும்பும், உள்ளே நீந்திப் போயிருக்கிறது என்று பொருள். மணல் மீன் என்று சொல்லும் அரணையும் இப்படி முங்கிப் போகும். ஆனால் அதன் தடத்தில் கால் பதிவு எங்காவது காட்டிக்கொடுத்துவிடும்.

தடம் புதிதா என்பதை விளிம்பு சொல்லும். கத்தியால் வெட்டினது போல இருந்தால் சற்று முன்னே போனது. விளிம்பு சரிந்து, குறுக்கே வண்டுத் தடம் விழுந்திருந்தால் பாம்பு போய்ப் பல மணி நேரம். வண்டு மேலே போயிருக்கிறதா, பாம்பு வண்டின் தடத்தின் மேலே போயிருக்கிறதா என்பதைக் குனிந்து பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வித்தை கைவந்தது.

தடத்தின் மேலே நடக்காதீர்கள், ஓரமாக நடங்கள். வழி தவறினால் திரும்பிவந்து பார்க்க அது அழியாமல் இருக்க வேண்டும். துணைக்கு வந்தவர் தடத்தைப் பார்க்கட்டும், நீங்கள் ஐந்து மீட்டர் முன்னால் தரையைப் பாருங்கள். இரண்டு பேரும் கோட்டையே பார்த்துக்கொண்டு போனால் கோட்டின் முனையை மிதிப்பீர்கள்.

தடம் ஒரு புதரடியில் முடிந்து, மறுபக்கம் வெளியே வராவிட்டால், நில்லுங்கள். பாம்பின் கண், பல்லிக் கண் போல டார்ச் ஒளியில் மினுங்காது. வடைபோல லேசாக அமுங்கிய ஒரு வட்டம், நடுவிலோ ஓரத்திலோ இரண்டு புள்ளி, அதுதான் அடையாளம். கொம்பு விரியன் விலா எலும்புகளை விரித்து உடம்பை அசைத்து அசைத்து, இருந்த இடத்திலேயே மணலுக்குள் இறங்கிவிடும். கையாலோ குச்சியாலோ கிளறாதீர்கள். "மண்ணுளிதானே" என்று தோண்டியவருக்கு விரியன் வந்த கதைகள் உண்டு. பகலில் தோண்டுவது பாம்புக்கும் சாவு. கோடை வெயிலில் மேல்மணல் 60 பாகை செல்சியஸைத் தாண்டும், வெளியே இழுத்துப் போட்டால் சில நிமிடம்கூடத் தாங்காது. வெளியே வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். தடத்தைப் படம் எடுங்கள், சாய்ந்த ஒளியில் அதுவே அழகான படம்.

கேமராவின் முறை

இரண்டு மீட்டர். தொடக்கக்காரர்களுக்கு இதற்குள் போகக் கூடாது என்பது என் கணக்கு. விரியன் தன் உடல் நீளத்தில் பாதியளவு பாய்ந்து கொத்தும். இரண்டடிப் பாம்புக்கு ஓரடி என்று கணக்குப் போட்டு ஒன்றரை அடியில் உட்காருகிறவர், மணல் சரிவில் தன் கால் வழுக்கும் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தத் தூரத்துக்கு 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் போதும், 70–300 ஜூம் இருந்தால் இன்னும் நிம்மதி. போனில் எடுப்பவர்கள் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு டெலி லென்ஸுக்கு மாற்றிக்கொண்டு, நண்பரைப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். போனைப் பாம்பிடம் நீட்டுவது மட்டும் கூடாது.

ராத்திரிக்கு நான் தொடங்கும் கணக்கு: எஃப் 11, 1/200 நொடி, ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷ் முகத்தில் வெள்ளைத்துணியோ டிஃப்யூசரோ. ஃபிளாஷை லென்ஸுக்கு மேலேயே வைத்து அடித்தால் செதில்களின் மேடுபள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். கேபிளோ ரிமோட்டோ போட்டு ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். தடத்துக்கு டார்ச்சைச் சாய்த்தோமே, அதே சூத்திரம். விடியற்காலையில் ஃபிளாஷே வேண்டாம். ஆனால் வெளிர்மணலைப் பார்த்துக் கேமரா ஏமாந்து படத்தைக் கறுப்படித்துவிடும், எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள்.

மேலிருந்து எடுத்த பாம்புப் படம் அடையாளம் காண உதவும், பார்க்க நன்றாக இராது. கண் மட்டத்துக்கு இறங்கினால்தான் படம். அதற்காக முகத்தை மணலில் வைக்காதீர்கள். திருப்பக்கூடிய திரை இருந்தால் கேமராவை அரிசிப் பை மாதிரி ஒரு சிறு பையின் மேல் வைத்து, நீங்கள் பின்னால் முழங்காலிட்டபடி திரையைப் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து பின்வாங்க முடிகிற நிலையில் உட்காருங்கள். நண்பரின் ஒரே வேலை பாம்பைப் பார்த்துக்கொண்டிருப்பது. அவரும் படம் எடுக்க வேண்டுமானால் மாறி மாறி எடுங்கள்.

ஃபோகஸ் கண்ணில். விரியனின் கண்மணி இருட்டில் விரிந்து வட்டமாக இருக்கும், பலமான ஒளி பட்டால் செங்குத்தான கோடாகச் சுருங்கும். ஃபோகஸுக்கு மங்கலான டார்ச் போட்டால் அந்த வட்டக் கண் கிடைக்கும், எனக்குப் பிடித்தது அதுதான். ஐந்து நிமிடம், பத்துப் பதினைந்து படம், போதும். கொக்கியால் தூக்கி நல்ல பின்னணியில் வைத்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் படங்களில் பாம்பு எப்போதும் ஒரே மாதிரி கோபமாகச் சுருண்டு உட்கார்ந்திருக்கும். மணலுக்குள் அது இறங்குகிற அரை நிமிடத்தை, தொந்தரவு செய்யாதவர்தான் எடுக்க முடியும்.

இந்த ஊருக்கே உரிய ஒரு தொல்லை. ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்து வெளியே வைத்தால், கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் லென்ஸ் முழுக்கப் பனி மூடி அரைமணி நேரம் ஒன்றும் செய்ய முடியாது. என் முதல் கொம்பு விரியன் அந்த அரைமணி நேரத்தில்தான் வந்து போனது. இப்போதெல்லாம் கேமராப் பை ஏசி படாத டிக்கியில்தான் பயணம் செய்கிறது. மணலில் லென்ஸ் மாற்றாதீர்கள். மணல் ஒட்டினால் துடைக்காமல் பம்பால் ஊதுங்கள், துடைத்தால் கீறல் விழும்.

கடித்துவிட்டால்

998க்கு அழையுங்கள், ஆம்புலன்ஸ். இருப்பிடப் பின்னை அனுப்பத் தயாராக வையுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், பூட்ஸைக் கழற்றுங்கள், வீங்கும். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் தரக் கூடாது. விரியன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும், அவை அதைக் கூட்டும். சுருட்டை கடித்து இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியாமலும் போகலாம், பிறகு ஈறில் ரத்தம் கசியும். "நல்லாத்தான் இருக்கேன்" என்று அறைக்குத் திரும்பிப் படுப்பதுதான் ஆளைக் கொல்லும்.

நண்பர் ஒருவர் ஊரிலிருந்து விஷமுறிவு மருந்துக் குப்பி வாங்கிவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம். அதை ஏற்றும்போதே ஒவ்வாமையில் உயிர் போகலாம் என்பதால் மருத்துவமனையில்தான் ஏற்ற வேண்டும். இன்னொன்று, இந்திய மருந்துக்கான விஷம் பெரும்பாலும் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது. அந்த மருந்து ராஜஸ்தான் சுருட்டை விரியனின் விஷத்தைச் சரியாக முறிக்கவில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 2019இல் எழுதினார்கள். இங்கே மணலில் இருப்பதும் அந்த ராஜஸ்தான் உள்ளினம்தான்.

வீடு திரும்பியதும்

பாம்பை வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கிறவர் எவராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் அடுத்த தடவை அழைக்காதீர்கள். ஆபத்தான விலங்குகளை வைத்திருப்பதற்கு எதிராக 2016இன் 22ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது, சிறையும் உண்டு.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாம். இனம் தெரியாவிட்டால் யாராவது சொல்லித்தருவார்கள், தடத்தின் படத்தையும் சேர்த்தே போடுங்கள். ஏற்றும்போது இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். முகநூல், இன்ஸ்டாவில் போடும் முன் படத்திலிருந்து ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிடுங்கள். நான் ஒருமுறை ஒரு மண்ணுளியின் இடத்தைக் குழுவில் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் போனபோது அந்த வன்னி மரத்தைச் சுற்றி எட்டு வண்டிகளின் டயர் தடம், புதரடியெல்லாம் மண்வெட்டியால் தோண்டிய குழி. பாம்பின் தடம் ஒன்றுகூட இல்லை.